கடல் படமும் இரண்டு மொட்டைகளும்

தரணி கடலில் மூழ்கிப்போனாள். நிஜக் கடலில் இல்லை. திருப்பதி அருங்காட்சியகத்தின் சுவரில் மாட்டியிருந்த கடலில்!

படகே கதியென்று வாழும் ஒரு தீவு மக்களின் ஓவியக் கண்காட்சி அது. ஒரு படத்தில் பனைமர உயரத்துக்கு அலை எழும்பியது. படகிலிருந்த அம்மா, தன் இடுப்பையும் குழந்தையின் இடுப்பையும் ஒரே கயிற்றால் கட்டியிருந்தாள்.

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்தில் நின்ற தம்பியின் கையைப் பிடித்தாள் தரணி. "வாடா சுனில், அடுத்த படத்துக்குப் போலாம்."

"அம்ம காவாலி!" என்று, அம்மா வேண்டுமெனத் தெலுங்கில் ஓர் அழுகுரல் கேட்டது.

திடுக்கிட்டுக் குனிந்தாள். அதே மொட்டை, அதே சந்தனம், அதே உயரம். ஆனால் சுனில் இல்லை!

காலையில்தான் திருமலையில் சுனிலுக்கு மொட்டை போட்டார்கள். அம்மா கால்வலியோடு அருங்காட்சியக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தம்பி கைய வுட்டுடாத" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். எப்போது விட்டோம் என்றே தரணிக்குத் தெரியவில்லை.

கூடம் முழுக்க மொட்டைகள். ஓடிப்போய் ஒரு சந்தனத் தலையைத் தட்டினாள். "சுனில்!"

குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த தாத்தா நிமிர்ந்து முறைத்தார்.

"மன்னிச்சிடுங்க தாத்தா!"

பின்னாலேயே அந்தப் பையன் தேம்பிக்கொண்டு ஓடி வந்தான். இவனை விட்டுவிட்டுத் தேடினால் சீக்கிரம் தேடலாம். ஆனால் சுனிலும் இப்படித்தானே எங்கோ அழுதுகொண்டிருப்பான்? தரணிக்கு மனசு கேட்கவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். துப்பட்டாவின் ஒரு முனையை அவன் மணிக்கட்டிலும், மறுமுனையைத் தன் கையிலும் முடிந்துகொண்டாள். "அழாதடா. உங்கம்மா எந்தப் படத்த பாத்துக்கினு இருந்தாங்க?" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கேட்டாள்.

"பெத்த சேப்ப!" என்று அவன் கைகளை அகல விரித்தான்.

பெரிய மீன்! அந்தப் படத்தைத் தேடி இருவரும் ஓடினார்கள்.

கடைசிச் சுவரில் இருந்தது அந்த மீன். அதன் முன்னே ஓர் அம்மா, ஒரு மொட்டைப் பையனின் கையைப் பிடித்தபடி தெலுங்கில் மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவன் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினான்.

"சுனில்!" தரணிக்கு அழுகை பொங்கியது.

அந்த அம்மா திரும்பினார். துப்பட்டாவில் கட்டியிருந்தவனைப் பார்த்தார். தன் கையில் இருந்தவனைப் பார்த்தார். "ஐயையோ, பவன்!" என்று அலறி, இருவரையும் சேர்த்தே அணைத்துக்கொண்டார்.

"ஏன்டா, நீ யாருன்னு சொல்லக்கூடாதா?" என்றாள் தரணி.

"கதை முடியட்டும்னு இருந்தேன்க்கா" என்றான் சுனில்.

வாசலில் அம்மா ஆசையாகக் கேட்டாள். "படமெல்லாம் பாத்தியா தரணி?"

"ஒரே ஒரு படந்தாம்மா பாத்தேன். மீதி நேரமெல்லாம் மொட்டைத் தலைங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்!"