பச்சை விழுந்த படங்கள்

ஷெட் கதவில் வெள்ளியாய் ஒரு உள்ளங்கை பதிந்திருக்கிறது. ஒரு வருஷ மழைக்கும் அது கரையவில்லை. கற்பகவல்லி அதன்மேல் தன் கையை ஒரு நொடி வைத்த பிறகுதான் கதவைத் திறக்கிறாள்…

அது பதிந்த நாள் சண்டையில் தொடங்கியது.

சாத்தூர் சாலையிலிருந்த கல்லூரியின் மொட்டை மாடியில், கோள்களைப் படமெடுக்க, அங்கே பாடம் நடத்தும் அவள் ஒரு சின்ன வானாய்வுக்கூடம் அமைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தில் ஓடும் தகரக் கூரை போட்ட ஷெட், நடுவே தொலைநோக்கி, அதில் கண் வைக்கிற இடத்தில் ஒரு கேமரா. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான படங்கள் விழும். காற்றின் நடுக்கத்தில் பெரும்பாலானவை கலங்கியிருக்கும். கம்ப்யூட்டர் தெளிந்தவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். மற்றவற்றை அழித்துவிட வேண்டியதுதான்.

அன்றும் சனிக்கோள் கிடைக்கவில்லை. திரை முழுக்கப் பச்சை வெளிச்சம்!

ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வாணவெடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் இறங்கினாள்.

"யாருங்க இங்கன பொறுப்பு?"

கை நிறைய அலுமினியப் பொடியோடு ஒருவன் திரும்பினான். முதலாளியின் மகன் பாலகுரு. எதற்கும் அவசரப்படாத கண்கள்…

"நாந்தேன். ஆர்டர் குடுக்க வந்தீகளா?"

"உங்க வெடியால என் சனி கெட்டுப்போச்சு!"

"சனி கெட்டா நல்லதுதானங்க?"

வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். பதில் சொல்ல அவள் வாயெடுத்தபோது, மூக்கின்மேல் ஒரு துளி விழுந்தது.

"ஐயையோ… காலேஜ் மாடியில கூரை தொறந்து கெடக்கு!"

அவள் வண்டியைத் திருப்புவதற்குள் அவன் பைக் முன்னே பறந்தது. இருவரும் தோள் கொடுத்துக் கூரையைத் தள்ளி மூடினார்கள். மூச்சு வாங்க அவன் சாய்ந்து கை ஊன்றியது, அன்று காலையில்தான் நீலம் அடித்து இன்னும் காயாத கதவில்.

தகரத்தில் மழை… நெடுநேரம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனம் அவளை உறுத்தவில்லை. அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது.

"இந்தக் கண்ணாடியில என்ன பூசிருக்காக?" என்றான் கடைசியில், தொலைநோக்கிக்குள் எட்டிப் பார்த்து.

"அலுமினியம்."

தன் கையைப் பார்த்துக்கொண்டான். "நம்ம சரக்குதேன்னு சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

"ஏழரைக்குள்ள சோதனைய முடிச்சிருவோம் டீச்சர். கடைசியா ஒரு பச்சை விடுறேன். அதுக்கப்பறம் வானம் உங்களுது."

மறுநாளிலிருந்து ஏழரைக்கு ஒரு பச்சைப் பூ விரிந்தது. அது முடிந்தபின் கேமராவை ஓட்டினால் போதும். அவளோ ஏழு இருபதுக்கே ஓட்டிவிடுவாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் விருதுநகரிலிருந்து எண்ணெய் புரோட்டா வாங்கி வருவான். 'டீச்சர்' மெல்ல 'வல்லி' ஆனது…

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்கு முந்தின வாரமே, கம்பெனியின் பெயரைப் போட்டு அவள் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட நினைப்பாள். அவன் கண்களைப் பார்த்ததும் நாக்கு எழாது.

சண்டை நடந்த இருபத்திரண்டாம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். சோதனை நின்றது. தீபாவளிக்குக் கிளம்ப வேண்டிய லோடும் நின்றது. அவர்கள் காட்டிய தாளில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

போனில் அவன் குரல் உயரவில்லை. "புரோட்டா தின்னும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல… டீச்சர்?"

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அதன்பின் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்த வருஷம் கோடாக மெலிந்திருந்த சனியின் வளையம்கூடத் துல்லியமாக விழுந்தது. கல்லூரி முதல்வர் பாராட்டினார். அவள் ஷெட்டுக்குள் உட்கார்ந்து அழுதாள். இந்தச் சுத்தமான வானத்தை யார் கேட்டது?

மறுநாளே அலுவலகத்துக்குப் போய், ஏழரை வரை சோதனை நடந்தால் தனக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றாள். நகலைக் கம்பெனி வாட்ச்மேனிடம் தந்தாள். உள்ளே போகத் துணிவில்லை.

அன்று ஏழரைக்கு வானம் இருட்டாகவே இருந்தது. மறுநாளும் அப்படித்தான்… அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள், ஓடைக்கு அப்பால் ஒரு பச்சைப் பூ.

கால் மணி நேரத்தில் படியேறும் சத்தம். பாலகுரு உள்ளே வந்தான். திரையில் வரிசையாகத் திறந்திருந்த படங்களைப் பார்த்தான். தேதி வாரியாக, எல்லாவற்றிலும் சனியின்மேல் பச்சைக் கறை.

"தெளிவானத வச்சுக்கிட்டு மத்தத அழிச்சிருவேன்னு சொன்னீகளே?"

"ம்…"

"இதெல்லாம் கெட்டுப்போன படமாச்சே. ஏன் வச்சிருக்கீக?"

அவள் கதவில் பதிந்திருந்த கையைப் பார்த்தாள். இனியும் எதையும் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"அதுலதான நீங்க இருக்கீக… எப்படி அழிக்க?"

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இந்த சீசன்ல பச்சைக்கு ஆர்டரே இல்ல வல்லி. மொத நாளே நெறம் சரியில்லைன்னு தள்ளியாச்சு. அப்பறம் விட்டதெல்லாம்… ஒனக்குன்னு நான் தனியா உக்காந்து கட்டுனது."

திரை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரடிப் படத்தில் சனி மெல்ல நகர்ந்து விளிம்பைத் தாண்டிப் போனது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.