தேங்காய் எழுந்த வீடு

தெருவில் எங்கேயும் அசையாத தேங்காய், தர்ஷினியின் வாசலுக்கு நேரே வந்ததும் ரகுவின் உள்ளங்கையில் மெல்ல எழுந்து குத்திட்டு நின்றது.

எதிரே இருபது மாடி அடுக்ககம் எழும்பி, ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டு உறிஞ்ச ஆரம்பித்ததிலிருந்து, ஜோகுபாளையத்தின் அந்தச் சந்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. டேங்கர்க்காரன் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். பெங்களூரு வளர்கிறதாம், நன்றாக வளரட்டும். கடைசியில் தெருக்காரர்கள் நீரோட்டம் பார்க்கும் ரகுவை அழைத்து வந்தார்கள். கையில் படுத்திருக்கும் தேங்காய், அடியில் தண்ணீர் இருந்தால் எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை.

எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு தர்ஷினி வழிவிட்டாள். தேங்காய் படுத்துவிட்டது. அவள் சமையலறைக்குப் போனாள். ரகு உள்ளே வந்து அவள் பக்கம் இரண்டடி வைத்தார். தேங்காய் எழுந்தது.

"இன்னொரு தடவ பாருங்கண்ணா," என்றான் அவள் கணவன் அஷ்வின்.

பார்த்தார். தேங்காயின் குடுமி அவள் வயிற்றின் பக்கமாகச் சாய்ந்தது.

"இங்கதான் சார் இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

சிரித்துத் தள்ளியிருக்க வேண்டிய விஷயம். யாருமே சிரிக்கவில்லை என்பதுதான் தர்ஷினிக்குப் பயமாக இருந்தது. அந்தி இறங்க இறங்க, கழுவாத பாத்திரங்களின் புளித்த வாடை வீடெல்லாம் பரவ, சந்தில் டிவி சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, காலிப் பிளாஸ்டிக் குடங்கள் சிமென்ட்டுத் தரையில் உரசி உரசி நகரும் ஓசை மட்டும் அவள் வாசலை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

"கதவச் சாத்துங்க."

அஷ்வின் இன்னும் அகலமாகத் திறந்து வைத்தான்.

வரிசை. முதலில் டோரதி ஆன்ட்டி. மசக்கையின்போது தினமும் ரசம் கொடுத்தனுப்பியவர். உதடெல்லாம் வெடிப்பு. எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில்.

தர்ஷினி பின்வாங்கினாள். சுவர். அடிவயிற்றில் சுருக்கென்றது. பிறகு, வெதுவெதுப்பாக, தொடை வழியே.

பனிக்குடம் உடைந்துவிட்டது.

"என்னங்க... ஆட்டோ கூப்பிடுங்க..."

அஷ்வின் ஓடி வந்தான். கையில் பக்கெட். அதை அவள் காலடியில் வைத்தான்.

டோரதி ஆன்ட்டி பதறிப்போய் அவள் தோளைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். "அசையாதம்மா, வீணாப் போகுது பாரு."

பக்கெட் நிறைந்தது. தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே பிள்ளை புரள்வது நின்றுவிட்டது.

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.