மாறிப்போன முகப்புப் படம்

"மேடம், அது இன்னும் அங்கேயேதான் இருக்கு" என்றாள் நாம் சோயுன்.

தென்கொரியாவின் சியோல் நகரில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். உடை மாற்றும் அறையில் அவளைத் திருட்டுத்தனமாகப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியவன் போன மாதமே பிடிபட்டுச் சிறையில் இருந்தான். அவனுடைய போனும் கணினியும் போலீஸ் வசம். வீடியோவும் அழிந்துவிட்டதாகத்தான் கோப்பை மூடியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மா ஹேரிம் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். இந்த வாரம் வந்த வழக்கு எல்லாமே இப்படித்தான்.

"தாக், நீதானே பாத்தே?"

"பாத்தேன் மேடம்" என்றார் சார்ஜெண்ட் தாக். "கைது பண்ணின வாரம் இவங்க முகம் போட்ட படம் வீடியோவோட முகப்புல இருந்துச்சு. அடுத்த வாரம் காணோம். அழிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

"படம்தான் மாறியிருக்கு" என்றாள் சோயுன். "இப்ப அந்த அறையோட வெறும் சுவர். உள்ளே நான்தான்."

மதியம் மாவும் தாக்கும் நகரின் கசான் பகுதிக்குப் போனார்கள். வீடியோ இருந்த இணையதளத்துக்குத் தன் சர்வரில் இடம் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் முதலாளி கில் தேஹோ, சிரித்தபடி காபி நீட்டினார்.

"நாங்க இடம் குடுக்கறவங்க மேடம். யார் என்ன வைக்கறாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா?"

"உடனே எடுத்துடணும். சட்டம் எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பொண்ணு எங்களுக்கு அனுப்பின புகார் என் கண்ணுலயே படல. வீடியோவை இதுவரைக்கும் நான் பாத்ததில்ல."

"வெளியாள் யாராவது உள்ளே புகுந்து கை வச்சிருப்பாங்களோ?"

கில் தேஹோவுக்கு ரோஷம் வந்தது. "என் இடத்துலயா? சான்ஸே இல்ல. வீடியோ போட்டவன் அவனோடதை மாத்தலாம். இல்ல, நான் மாத்தலாம். மூணாவது ஆள் கிடையாது."

"சரி, முகப்புப் படத்தை யார் மாத்தினது?"

"போட்டவன்தான்."

"அவனைப் பிடிச்சதுக்கு அப்புறமும் முகம் இருந்துச்சு. இவர் பாத்திருக்கார். அவன் ஜெயில்ல, போன் எங்ககிட்ட. மிச்சம் இருக்கறது நீங்கதான்."

தேஹோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"புகாரைப் படிச்சீங்க" என்றாள் மா. "அழிச்சா தளத்துக்கு வர்ற கூட்டம் போயிடும், உங்க வாடகையும் குறையும். முகத்தை மறைச்சா போலீஸ் ஏமாந்துடும்னு நெனச்சீங்க. ஏமாந்தோம். எங்க தப்புதான். ஆனா அந்தச் சுவரை எடுத்து முகப்புல போடணும்னா வீடியோவைத் திறந்திருக்கணும். தெரிஞ்சுதான் வச்சிருந்தீங்க. இடம் குடுத்தவர்னு இனி தப்பிக்க முடியாது. கிளம்புங்க."

"எல்லாரும் இப்படித்தானே மேடம் தொழில் பண்றாங்க…"

"அவங்களையும் பாப்போம். முதல்ல அதை அழிங்க. என் கண்ணு முன்னாடி."

நகலைச் சாட்சியத்துக்கு எடுத்துக்கொண்டு தாக் தலையசைத்தார். தேஹோ அழித்தார்.

ஸ்டேஷன் நடைவழியில் சோயுன் காத்திருந்தாள்.

"போயிடுச்சா?"

"அங்கேருந்து போயிடுச்சு."

"வேற எங்கேயாவது?"

மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "இருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

சோயுன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு பசங்களுக்கு வகுப்பு இருக்கு."

"போ. நல்லதுதான்."

"போறேன்னு சொல்லல மேடம். இருக்குன்னு சொன்னேன்."