ட வடிவில் ஒரு குளம்

குளத்தில் தீன் போடக் குனிந்தபோதுதான் வசந்தமலர் கண்டாள், பெரிய மீனின் மூக்கில் தோல் இல்லை. நேற்று இருந்தது. இன்று மூக்கு நுனியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சுற்றிக் கிழிந்த சதை நூல் நூலாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. வேலி தாண்டி வந்த பூனை பிறாண்டியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். நாள் முழுக்க அடித்தரையில் ஊர்ந்து திரிகிற மீனை எந்தப் பூனை எட்டிப் பிடிக்கப்போகிறது? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது பொருந்தவில்லை.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணி. லண்டனில் ரெய்னர்ஸ் லேன் முழுவதும் வெக்கையில் அவிந்துகொண்டிருந்தது. பின்பக்கத் தோட்டத்தில் புல் காய்ந்து வைக்கோலாகிவிட்டது. அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டியின் புளித்த வாடை வேலிக்கு மேலால் வந்து, குளத்தின் பாசி நாற்றத்தோடு கலந்து, கதவை அடைத்தாலும் சமையலறைக்குள் நின்றது. குளத்துக்குக் காற்று ஊதும் பம்ப் இருமல்காரனைப் போல இரவு பகலாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் கணவன் பாலேந்திராவுக்குத் தூக்கம் வரும்.

மீன் என்றால் சாதாரண மீன் அல்ல, ஸ்டேர்ஜன். சுறாவுக்கு இருப்பதுபோல வால், முதுகு நெடுக அரத்தைப் போன்ற எலும்புத் தகடுகள், மூக்குக்குக் கீழே நாலு மீசை, அதற்கும் கீழே பல்லில்லாத வாய். கடவுள் அவசரத்தில் மிச்சம் மீதியை வைத்து ஒட்டிய பிராணி. பினாங்கிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, பக்கத்துத் தெருவிலேயே வீடு வாங்கிவிட்ட இளங்கோவன் அவற்றைக் குஞ்சுகளாகக் கொடுத்தார். இப்போது ஒவ்வொன்றும் ஒரு முழத்தைத் தாண்டிவிட்டது.

தொண்ணூறில், போர் நடந்த ஊரில் தன் தாயும் தம்பியும் தங்கச்சியும் ஒரே நாளில் செத்த செய்தி வந்ததிலிருந்து பாலேந்திரா சிரித்ததில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட், வீட்டுக்கு வந்தால் கூரையைப் பார்த்தபடி படுக்கை. இந்த மீன்கள் வந்த பிறகுதான் மனிதன் ஒழுங்காகச் சாப்பிட்டான், தூங்கினான், ஒருநாள் சிரிக்கவும் சிரித்தான். தண்ணீர் சூடானால் இதுகளுக்கு மூச்சு முட்டும் என்று ஐஸ் கட்டி வாங்கிவந்து கொட்டினான். மிதக்கும் தீன் இந்த வாய்க்கு எட்டாது என்று மூழ்குகிற உருண்டையாகத் தேடித் தேடி வாங்கினான். பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருவர் இவ்வளவு பார்க்கமாட்டார். குளம் போனால் அவனும் போய்விடுவான் என்று வசந்தமலர் பயந்தாள். இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான்.

ஆனால் அந்தக் குளத்தின் வடிவம். வட்டமாக வெட்டுங்கள் என்றுதான் இளங்கோவன் சொல்லியிருந்தார். பாலேந்திரா மண்வெட்டியோடு இறங்கி, ஒருவரையும் கிட்ட விடாமல் தானே வெட்டினான். வாழ்க்கையில் அதற்கு முன் அவன் வெட்டியது ஒரே ஒரு கிடங்குதான். கறுப்பு ரப்பர் விரித்துத் தண்ணீர் விட்ட அன்று, மேல்மாடியில் யன்னல் துடைத்துக்கொண்டிருந்த வசந்தமலர் தற்செயலாகக் கீழே பார்த்தாள். ட. வீட்டுப் பக்கம் வாய், அங்கிருந்து நீளமாக ஒரு கை, பிறகு மடங்கி உள்ளே போகும் இன்னொரு குட்டைக் கை. லண்டனுக்குப் புறப்படுமுன் ஊரில் வீட்டு வளவில், குண்டுவீச்சுக்குப் பதுங்க அவன் வெட்டிய பங்கரும் அதே நீளம், அதே மடக்கு. செல் குண்டுத் துண்டுகள் நேரே உள்ளே பாயாமல் இருக்கத்தான் அந்த மடக்கு. அதில் அவனுக்கு அப்போது பெரிய பெருமை. இப்போது கை தானாகவே வெட்டியிருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. சிரிக்கத் தொடங்கியவனிடம் எந்த வாயால் அதைச் சொல்வது?

அவன் அறியாத வேறொன்றும் இருந்தது. குண்டு போட பொம்பர் விமானம் வந்த அன்று பங்கருக்குள் அயலவர்களும் வந்து நெருங்கியிருந்தார்கள். கடைசியாக ஓடிவந்த அவளை மாமி, பாலேந்திராவின் தாய், வாசலில் மறித்தார்.

"பிள்ளை, இடமில்லை. வேலியோடை போய்ப் படு."

படுத்தாள். அதனால் பிழைத்தாள். கண் திறந்தபோது பங்கரின் வாய் இருந்த இடத்தில் வெறும் மண் இருந்தது. மாடும் மரமும் துண்டு துண்டாகக் கிடந்தன. நிலத்துக்குக் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. டும். டும், டும். மடக்குக்குள் உயிரோடு அகப்பட்டவர்கள் சுவரை இடித்தார்கள். நகம் பிய்யப் பிய்ய அவள் தோண்டினாள். பொம்பர் திரும்பத் திரும்ப வந்தது. உதவிக்கு ஒருவரும் வெளியே தலை காட்டவில்லை. மறுநாள் மதியம்தான் அந்தச் சத்தம் நின்றது. பிறகு கொழும்புக்கு வந்து, தொலைபேசியில், ஒருவரும் நோகாமல் ஒரு நொடியில் போய்விட்டார்கள் என்று பாலேந்திராவிடம் சொன்னாள். அந்தப் பொய் பொருந்தியது.

இப்போது தோலில்லாத மூக்கைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்க, நோர்த்தோல்ட் தளத்தில் இறங்கப்போகும் விமானமொன்று கூரைகளுக்கு மேலால் தாழ்வாக வந்தது. குளத்தில் அங்கும் இங்கும் கிடந்த மீன்கள் எல்லாம் ஒரே வேளையில் திரும்பின. ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு மடக்குக்குள் பாய்ந்தன. உள்ளே நெரிசல். வால்கள் அடித்தன, ஒன்றின் முதுகுத் தகடு இன்னொன்றின் வயிற்றைக் கிழித்தது, கலங்கிய தண்ணீர் சிவப்பாக வாசல் பக்கம் வந்தது. மண்ணுக்குள் சத்தம் கேட்டது. டும். டும், டும். தீன் டப்பா அவள் கையிலிருந்து விழுந்தது.

பாலேந்திரா கூப்பிட்டு இளங்கோவன் வந்து பார்த்தார். ஒரு மீன் கண் பிதுங்கிச் செத்திருந்தது. இன்னொன்று பாசியில் தலையைக் கொடுத்து மூலையோடு ஒட்டி நின்றது. வட்டமாக வெட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று அவர் கடிந்துகொண்டார்.

"இந்த மீனுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதுங்க. மூலையில மாட்டிக்கிட்டா முட்டி முட்டியே செத்துப்போகும்."

மண்மூட்டை போட்டு அந்த மடக்கை அடைத்துவிடச் சொன்னார். மேலே பலகை போட்டு நிழல் கொடுத்தால் தண்ணீர் குளிரும் என்றும் சொன்னார். நல்ல புத்திதான், கேட்டவர் அப்படியே செய்திருந்தால்.

பாலேந்திரா மூட்டைகளைக் கொண்டுவந்தான். மடக்கை அடைக்கவில்லை. குளத்தின் விளிம்பைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக, செங்கல் வைப்பதுபோல மூட்டு விலத்தி அழகாக அடுக்கினான். மடக்கின் மேல் தடித்த பலகைகளைப் பரப்பினான். பலகைகளின் மேல் மிச்ச மூட்டைகளை ஏற்றினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு இனிப் பயமில்லை என்றான். யாருக்குப் பயமில்லை என்று அவள் கேட்கவில்லை. பங்கரில் இருந்தது ஒன்றும் இனி அதில் குறைவில்லை. அவள் நாக்கில் மண் ருசித்தது.

இரவுச் சாப்பாட்டின்போது துணிந்து கேட்டாள், குளத்தை மூடிவிட்டால் என்ன என்று. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மூடினால் உள்ளுக்கை இருக்கிறதுகள் உயிரோடை புதைஞ்சு போகுமெல்லே, மலர்?"

சாதாரணமாகத்தான் சொன்னான், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மழை வரப்போகும் புழுக்கத்தில், பொழுது சாய்கிற நேரம். சமையலறையில் நின்றவளுக்கு முதலில் கேட்டது அமைதி. பம்ப் நின்றிருந்தது. வெளியே ஓடினாள். ஷிப்ட் முடிந்து வந்த பாலேந்திரா, பெற்றோல் ஸ்டேஷன் சட்டையோடு, கையில் டோர்ச் லைட்டோடு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். பெரிய மீன் மடக்கில் சிக்கிவிட்டதாம். எடுத்துவிட்டு வருகிறானாம்.

"உள்ளுக்கை போகாதேங்கோ," என்று அவன் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"விடும். ஒரு நிமிஷம்."

குனிந்தான். பலகைகளுக்குக் கீழே போனான். வெளிச்சம் அவனோடு மடக்கில் திரும்பியது. தண்ணீரில் அதன் மங்கல் மட்டும் மிஞ்சியது. வேலிக்கு அப்பால் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. தண்ணீரிலிருந்து வந்தது பாசி வாடை அல்ல. புதிதாகக் கிளறிய செம்மண் வாடை. லண்டனில் செம்மண் ஏது?

அப்போது கேட்டது. நோர்த்தோல்டுக்கு இறங்கும் விமானம் அல்ல. குத்தி இறங்கும் இரைச்சல். அவள் உடம்புக்குத் தெரியும்.

மீன்கள் பாய்ந்தன. நீட்டிய அவள் கையைக் கிழித்துக்கொண்டு போயின. மடக்குக்குள் தண்ணீர் கொந்தளித்தது.

டும்.

"மலர், இஞ்சை ஆரோ இருக்கினம்!"

டும், டும்.

"ஐயோ, இழுக்கினம்..."

பலகை எகிறியது. எலும்பு முறிந்தது; அவளுக்குக் கேட்டது. மறுபடி முறிந்தது. வெளிச்சம் ஆடியது. சிவந்தது. அணைந்தது.

அவள் மூட்டைகளை இழுத்தாள். பலகையைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. அன்றைக்குப் போலவே.

சத்தம் நின்றது.

மடக்கிலிருந்து பெரிய மீன் வெளியே வந்தது. வால் முன்னே. பின்னுக்கு நீந்தத் தெரியாத மீன். அதன் தலையை ஒரு கை தள்ளிக்கொண்டு வந்தது. விரல்களில் நகம் இல்லை. மீனை விட்டுவிட்டுக் கை உள்ளே போனது. அடுத்த மீன். வால் முன்னே. இன்னொரு கை, மெலிந்தது, உடைந்த கண்ணாடி வளையலோடு. அடுத்தது. கடைசி மீனைத் தள்ளிய கையில் பெற்றோல் ஸ்டேஷன் சட்டை கிழிந்து தொங்கியது.

உள்ளே இடம் ஒதுக்குகிறார்கள்.

"பிள்ளை." பலகைக்குக் கீழே, வாய் நிறைய மண்ணோடு, மாமியின் குரல். "இப்ப இடமிருக்கு."

தலைக்கு மேல் இரைச்சல் மறுபடியும் குத்தி இறங்கியது. ஓட வேண்டும். வீட்டுக்குள், தெருவுக்கு, எங்காவது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஓடுவதற்கு அவள் கால்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. மடக்கின் இருட்டில் கைகள் ஒவ்வொன்றாக விலகி அவளுக்கு வழி விட்டன.