ஐந்து தலைக் கேபிள்

2003ஆம் ஆண்டு ஆவணி மாதக் காலையில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த ஸ்டுடியோ வாசலில் அந்தப் பெரிய மானிட்டர் ஆட்டோவில் வந்து இறங்கியது. மூடிப்போன அச்சகம் ஒன்றிலிருந்து அருளப்பன் வாங்கிய சாமான். கூடவே ஒரு கேபிள். அதன் ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறுமுனை சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, சாம்பல் என்று ஐந்தாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு தலையையும் மானிட்டரின் முதுகில் அழுத்தித் திருக வேண்டும்.

"நிறமெல்லாம் உள்ளது உள்ளபடி தெரியும் பாரு" என்று மனைவி அல்போன்சாவிடம் பெருமையடித்துவிட்டு, கேமராவோடு ஆயக்குடிக் கல்யாணத்துக்குக் கிளம்பினான் அருளப்பன்.

அல்போன்சாவின் வேலை, இறந்தவர்களின் கண்ணைத் திறப்பது. உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர். செத்தபின் நாற்காலியில் சாய்த்து எடுத்த படம்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு. மூடிய இமைமேல் வேறொரு படத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்டுவாள். அதற்கு அந்த ஸ்டுடியோவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இறந்தவரின் ரத்த சொந்தத்திடம் கேட்டு வாங்கிய கண்ணாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குப் பொன்னழகு வந்தான். கையில், செத்தபின் எடுத்த அவன் அம்மா பேச்சாயியின் படம்.

"மூணு மணிக்கு எடுக்குறோம்க்கா. வெரசா முடிச்சுக் குடுங்க."

"உங்க படம் எதுவும் இருக்கா தம்பி?"

"இல்லையேக்கா."

எடுக்கவும் கேமரா இல்லை. கம்ப்யூட்டரில் அல்போன்சாவின் தங்கை புஷ்பமேரியின் பாஸ்போர்ட் படம் கிடந்தது. சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் போஸ்டர்தானே என்று அந்தக் கண்ணை எடுத்து ஒட்டினாள். அளவெடுத்ததுபோல் பொருந்திவிட்டது. பொன்னழகு பிரிண்டை வாங்கிக்கொண்டு ஓடினான்.

வெயில் புகாமல் கறுப்புத் துணி கட்டிய அறை அது. எங்கிருந்தோ ஊதுவத்தியும் வாடிய சாமந்தியும் மணத்தன. அல்போன்சா திரையைப் பார்த்தாள்.

பேச்சாயி இமைத்தாள்.

கேபிள் கோளாறுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பின்னால் கைவிட்டுச் சிவப்புத் தலையைத் திருகிப் பிடுங்கினாள். முகம் பச்சையும் நீலமுமாகப் போயிற்று. கண் மட்டும் நிறம் மாறவில்லை.

நீலத்தைப் பிடுங்கினாள். பச்சையைப் பிடுங்கினாள். மிச்சமிருந்த இரண்டையும் பிடுங்கினாள்.

திரை இருண்டது.

கண் இருந்தது.

புஷ்பாவின் கண். கூடப் பிறந்தவளைக் கேட்காமல், யாரோ ஒரு பிணத்துக்குக் கொடுத்துவிட்டோமே என்று அல்போன்சாவுக்கு உறைத்தது.

போன் அடித்தது. கேபிளை விடாமலே எடுத்தாள்.

"அக்கா..." புஷ்பமேரியின் குரல். "திடீர்னு எனக்குக் கண்ணு தெரியலக்கா. பட்டப்பகல்ல கும்மிருட்டா இருக்கு."

"பயப்படாத புஷ்பா. இந்தா வாரேன்."

"நீ மட்டும் தெரியுற."

அல்போன்சா திரையிலிருந்த கண்ணைப் பார்த்தாள்.

"ஒயரைப் புடிச்சுக்கிட்டு நிக்குற. உன் பின்னாடி யாருக்கா அது? கண்ணைத் தொறக்காமலே உன் மொகத்தத் தடவ வருதே..."