மிதவை ஏறுகிறது

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேனா ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தது.

அளவுக்காரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அணையோரக் கோபுரத்தில், மெல்லச் சுழலும் உருளையில் சுற்றிய தாளில், நீர்மட்டத்தைத் தானே வரைகிற பேனா அது. அவள் நிற்கும் தரைக்குக் கீழே ஆழக் கிணறு, அதற்குள் அண்டா அகலத்துக்கு ஒரு செம்பு மிதவை. மிதவை ஏறினால் கம்பி இழுத்துப் பேனாவும் ஏறும். ஆனால் அந்தக் கிணறு வற்றிப் பதினோரு மாதம் ஆகிறது. தண்ணீரே இல்லாத இடத்தில் எது மிதக்கும்?

போயும் போயும் இன்றைக்கு. ஓராண்டு முழுக்கப் பேனா தாளிலுள்ள சிவப்புக் கோட்டைத் தொடாவிட்டால் மதகுகளைத் திறந்தபடியே பூட்டிவிடுவது, ஒரு தடவை தொட்டாலும் மூடித் தேக்குவது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. அந்த ஆண்டு இன்று ஆறு மணிக்கு முடிகிறது.

ஜன்னலுக்கு வெளியே, ஏரி விட்டுப்போன வெள்ளைக் கறை பாறைச் சுவர்களில் பத்து ஆள் உயரத்துக்கு ஓடியது. அதற்கும் கீழே ஆறு தன் பள்ளத்தாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. சேற்றை அறுத்துக்கொண்டு அருவி விழுந்தது. கரையில் கூடாரம் போட்டுச் செடிகளைக் கணக்கெடுக்கும் தங்கை காலையில்தான் வாக்கி டாக்கியில் கத்தியிருந்தாள். "நாலாயிரத்து எண்ணூறு, அக்கா! ஒண்ணுகூட நட்டது இல்ல, எல்லாம் தானா முளைச்சது!" மதகை மூடினால் அத்தனையும் முழுகும்.

மதகுகளை இயக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பெருச்சாளியா இருக்கும்மா."

"பெருச்சாளி மிதவையைத் தூக்குமா அண்ணே?"

"சரி, பேனாவைக் கையால இறக்கி விடேன். யாரு பாக்கப் போறா?"

"இருபத்திரண்டு வருஷமா அந்தப் பேனா மேல என் கை பட்டதில்ல. இன்னிக்கு மட்டும் படணுமா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்தான் பாக்கி.

கிணற்றின் இரும்பு மூடியைத் தூக்கியபோது வந்தது காய்ந்த சேற்றின் வாடை அல்ல. வெயிலே படாத ஆழத்துத் தண்ணீரின் வாடை, பாசியும் ஊறிய மரமும் பழைய துணியும் கலந்து, மூக்கில் ஏறி நாக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் வாடை, அதன் அடியில் யாரோ பலர் மூச்சை அடக்கிக்கொண்டு ஈரக்கால்களைப் பார்த்துப் பார்த்து வைப்பது போன்ற ஒரு சத்தம். டார்ச் அடித்தாள். அடிச்சேற்றில் கிடக்க வேண்டிய மிதவை, ஐந்து படி உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. நாலாயிரத்து எண்ணூறு செடி. யாரைக் கேட்டு ஏறுகிறது இது? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் பதித்த இரும்புப் படிகளில் இறங்கினாள். படிகள் எல்லாம் ஈரமாக இருந்தன.

பாதி ஆழம். வாடை கனத்தது. மிதவை இன்னொரு படி ஏறியது.

அதன் விளிம்புக்குக் கீழே முடி தெரிந்தது.

நீளமான முடி. சொட்டும் முடி. குடத்தைச் சுமப்பது போல மிதவையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஏறி வந்தாள். அவள் காலுக்குக் கீழே இன்னொரு தலை. அதற்குக் கீழே இன்னொன்று.

அளவுக்காரியின் கால் அசைந்தது. மேலே அல்ல, கீழே.

மிதவை மேல் பாதத்தை வைத்தாள். மிதித்தாள்.

"இறங்கு."

ஏறவில்லை. இறங்கவும் இல்லை. இன்னொரு பாதத்தையும் வைத்தாள். முழு எடை.

"இறங்குடி! உங்க காலம் முடிஞ்சுபோச்சு!"

ஒரு படி இறங்கியது. இன்னொன்று. குளிர்ந்த விரல்கள் கணுக்காலைத் தடவின. உதறினாள். மிதித்தாள். இன்னொரு படி. சேறு சப்பென்றது. மிதவை தரை தட்டியது. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேலே கடிகாரம் அடித்தது. ஆறு.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. "அக்கா! பேனா கோட்டைத் தொட்டதா நீ சொல்லலைன்னு மதகைத் திறந்தபடியே பூட்டிட்டாங்க! ஜெயிச்சுட்டோம்! எங்க இருக்க?"

"இங்கதான்டி," என்றாள். "ஆத்தைப் பாத்துக்கோ."

டார்ச்சைச் சுற்றிலும் காட்டினாள். சுவரோடு சுவராக, நெருக்கமாக, ஏரியில் முழுகிப்போனவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் வாயும் திறந்திருந்தது. ஒவ்வொரு வாயிலும் விளிம்பு வரை தண்ணீர். ஒரு சொட்டும் சிந்தவில்லை. போன ஏரியின் மிச்சத்தை இத்தனை நாளும் வாயில் வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அடியில் மிதவை அசைந்தது. விளிம்பைச் சுற்றி விரல்கள்.

இரண்டு கால்களையும் சுவரின் படியில் முட்டுக்கொடுத்து அழுத்தினாள்.

"ஏறுங்க, பாக்கலாம்."

முதல் வாய் அவள் முகத்தை நோக்கிக் குனிந்தது. தளும்பாமல்.