பேனாவைப் பிடித்திருந்த கை

போன ஞாயிறு இணைய ஏலத்தில் அந்த விற்பனையாளர் போட்டிருந்த படத்தில் பேனாவைப் பிடித்திருந்தது ஓர் ஆணின் கை. இந்த ஞாயிறு ஒரு பெண்ணின் கை. அதே கறுப்புத் துணி, இடப்பக்கத்திலிருந்து விழும் அதே மங்கல் வெளிச்சம், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு நிற்கும் அதே படம். கை மட்டும் வேறு. அவளுக்கு ஒரு நொடி உறுத்தத்தான் செய்தது. யார் கையாக இருந்தால் நமக்கென்ன, அவன் பெண்டாட்டியாக இருப்பாள் என்று படத்தைப் பெரிதாக்கிப் பேனாவுக்குப் போய்விட்டாள்.

அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாரத்தில் ஆறு நாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பதும் நுண்ணோக்கிக்குள் கண்ணை விடுவதுமாக இருப்பாள். ஏழாம் நாள் அதே கண்ணோடு இணைய ஏலங்களில் பழைய மைப் பேனாக்களைத் தேடுவாள். விற்கிறவர்கள் பாதிப் பேருக்குக் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது. 'பழைய பேனா, எழுதுமா தெரியவில்லை' என்று குப்பையோடு குப்பையாகப் போட்டிருப்பார்கள். கிளிப்பின் வளைவையும் மூடியில் உள்ள வளையங்களையும் வைத்தே அவள் ஜாதகம் சொல்லிவிடுவாள். இந்தப் பேனாவின் கிளிப் நுனி லேசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. தொழிற்சாலையில் அச்சு பழுதான சில மாதங்களில் மட்டும் அப்படி வந்தது. பத்து வருஷமாக அவள் தேடுவது.

மூன்று மணிக்கு ஏலம் அவளுக்கே விழுந்தது. ஒரே நிபந்தனை, நேரில் வந்து வாங்க வேண்டும். வென்றவருக்கு மட்டும் முகவரி தெரியும். அந்த முகவரி இணைப்பைக் கணவரின் போனுக்கு அனுப்பிவிட்டு எழுந்துபோய் அவரை எழுப்பினாள்.

"நாலரைக்கு இன்னொரு ஏலம் முடியுதுங்க. கடைசி நிமிஷத்துல நான் இங்க இல்லன்னா எவனாவது கொத்திட்டுப் போயிடுவான். நீங்க போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

வாரம் பூராவும் புது ஆட்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து நொந்துபோகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அவருக்கு உயிர். "நீ கட்டிக்கிட்டது என்னையா, பேனாவையா?"

"பேனா குறட்டை விடாதுங்க."

"ஆமா, பேனா உனக்கு கார் ஓட்டும் பாரு," என்று முனகிக்கொண்டே சட்டையை மாட்டினார். அரை மணி நேரப் பயணம்தான். வாசல்வரை வந்து வழியனுப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. மேசையில் தண்ணீர்க் குவளைக்குள் ஊறப்போட்டிருந்த பழைய நிப்பிலிருந்து மை நூல் நூலாகப் பிரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி உறுமி ஓய்ந்தபோதுதான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் கிடக்கிறது என்பதே காதில் பட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகைகூட நின்றுபோயிருந்தது. பெருமை பீற்றிக்கொள்ளலாம் என்று பேனாப் பிரியர்களின் குழுவைத் திறந்தாள். அங்கே ஒருவர் கேட்டிருந்தார்: "நம்ம பருந்தை ரெண்டு வாரமா காணோமே, யாருக்காவது தெரியுமா?"

பருந்து என்பது குழுவில் ஒருவரின் பட்டப்பெயர். எந்த ஏலத்திலும் அவளுக்கு முதல் போட்டி அந்த ஆள்தான். அவருடைய கடைசிப் பதிவைத் தேடி எடுத்தாள். தன் பேனா ஒன்றைக் கையில் பிடித்தபடி படம். கீழே, 'இன்னொன்னு மாட்டிருக்கு. நேர்ல வரச் சொல்லியிருக்காங்க, கிளம்பிட்டேன்.' கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து கோணலாக ஆறியிருந்தது.

போன ஞாயிற்றுப் படத்தைத் திறந்தாள்.

அதே பிளந்த நகம்.

இப்போதுதான் கையைப் பார்த்தாள். நாளெல்லாம் நரம்பு தேடி ஊரார் கைகளைத் தடவுகிறவள், இந்தக் கையைப் பார்க்கவே இல்லை. பேனாவை அழுத்திப் பிடித்தால் நகத்தின் நுனி வெளுத்து, அடிப்பக்கம் சிவக்கும். உயிருள்ள கையில் அப்படித்தான் இருக்கும். இந்த நகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். பெண்ணின் படத்தையும் பார்த்தாள். அதிலும் சாம்பல்.

போனை எடுத்தாள்.

கணவருக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப. திரும்ப. முகவரியைத் தேடினாள். விற்ற பக்கமே காணாமல் போயிருந்தது. போனுக்கு அனுப்பிய இணைப்பும் வெற்றாகத் திறந்தது. போலீசுக்கு அடித்தாள். "எந்த இடம்மா? இடத்தைச் சொல்லுங்க," என்றார்கள். முகவரியை அவள் படிக்காமலேயே அனுப்பியிருந்தாள். பாவி, ஒரு பேனாவுக்காகத் தூங்கின மனுஷனை எழுப்பி அனுப்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது கணினி டிங் என்றது.

புது ஏலம். பத்து நிமிஷம் மட்டும்.

கறுப்புத் துணி. இடப்பக்கத்து வெளிச்சம். இடப்பக்கம் திரும்பிய கிளிப்.

அதைப் பிடித்திருந்த புறங்கையில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றல். வியாழக்கிழமை அவருக்குச் சர்க்கரை பார்க்க, முழங்கையில் நரம்பு சிக்காமல் அவளே ஊசி குத்திய இடம். "ஐயோ," என்றாள். அறையில் வேறு யார் குரலோ போலக் கேட்டது.

நகத்தைப் பெரிதாக்கினாள். இளஞ்சிவப்பு. ரத்தம் இருந்தது. உயிர் இருந்தது.

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அதே படம். நகத்தின் ஓரத்தில் மட்டும் மெலிதாகச் சாம்பல்.

இது தனக்கு விரித்த வலை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. வென்றால்தான் முகவரி. தொகையைக் குறித்து அழுத்தினாள். உடனே யாரோ ஏற்றினார்கள். இவளும் ஏற்றினாள். சாம்பல் பாதி நகத்துக்கு வந்தது. திரும்ப ஏற்றினாள். விரல் வியர்த்து வழுக்கியது. "விடமாட்டேன், விடமாட்டேன்." மூன்று நிமிஷம். ஒரு நிமிஷம். பிறைபோல அடியில் மட்டும் சிவப்பு.

வாழ்த்துகள். நீங்கள் வென்றுவிட்டீர்கள். தனியாக வரவும்.

கீழே முகவரி.

அதைப் போலீசுக்குச் சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டில் சாவி கேட்டு வாங்கி அவர்கள் காருக்கு ஓடினாள். அனுப்புகிறோம், நீங்க போகாதீங்கம்மா என்றது போன். போனை மடியில் போட்டாள். கார் கிளம்பியது. முதல் திருப்பத்தில் மடியில் கிடந்த போன் வெளிச்சமானது.

ஏலப் பக்கம். படம் மாறியிருந்தது.

பேனா இல்லை. அவர் கை நிமிர்ந்து, உள்ளங்கை அவளைப் பார்த்திருந்தது. கார் பழகுகிறவர்கள் தப்பான பாதையில் திருப்பும்போது அவர் அப்படித்தான் கையைக் காட்டுவார். நில். போகாதே. அவரிடமே ஓட்டப் பழகிய அவளுடைய கால் தானாக பிரேக்கை மிதித்தது.

நகங்கள் அந்தப் பக்கம் இருந்தன. உயிர் இருக்கிறதா இல்லையா, பார்க்க வழியில்லை.

படத்தைக் கீழே இழுத்தாள். உள்ளங்கைக்குக் கீழே மணிக்கட்டு. மணிக்கட்டைச் சுற்றி, அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, வேறொரு கையின் ஐந்து விரல்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் அவர் கையை மெதுவாக மடக்கின, விரித்தன. மடக்கின, விரித்தன.

வா, வா என்று.